ஞாயிற்றுக்கிழமை ஈரம்

"நான் போகத்தான் போறேன்."

"போய்? யாருகிட்ட என்னன்னு கேப்பே?"

"மழை பெஞ்சுதான்னு கேப்பேன். இதுல என்ன இருக்கு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை..."

"மழை பெஞ்சுதுன்னு சார்தான் சொல்லிட்டாரே, கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டி வேற..."

"அது காங்கேயம் டவுன் மழை. நம்ம களம் ஊரத் தாண்டி இருக்குது. அந்தப் பக்கமெல்லாம் ரோட்டுக்கு இக்கட்டால கொட்டும், அக்கட்டால புழுதி பறக்கும். நீயும்தானே போயிருக்கே, பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். அதுக்கில்லடி. இந்த வெயில்ல அத்தனை தூரம் எதுக்கு? ஃபோன்ல கேட்டாத் தீந்துது."

"சரி, ஞாயித்துக்கிழமை களத்தப் பாத்துக்கற அந்தக்கா நம்பரக் குடு. இங்கயே கேட்டுட்டுத் திரும்பிரலாம்."

அக்ஷிதா ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நம்பர் அவளிடம் இல்லை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் காங்கேயம் வழியாகப் போகும் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, சண்டைய உள்ள உக்காந்து போடலாமுங்க. பல்லடம் வரைக்கும் போட்டாலும் மிச்சம் இருக்கும். வண்டி எடுக்கோணும்."

கெசியா ஏறிவிட்டாள். ஏறினவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தோழி பின்னால் வருவாள் என்ற நம்பிக்கை அப்படி. அந்த நம்பிக்கைதான் அக்ஷிதாவின் காலைப் பிடித்து வண்டிக்குள் இழுத்தது.

இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் டேட்டா அனலிடிக்ஸ் எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டர். அக்ஷிதா பீளமேட்டுக்காரி. அப்பா கண்ணையாவுக்கு மோட்டார் பம்பு கம்பெனி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். கெசியா தாராபுரம் பக்கம். அப்பா அற்புதம் அங்கே ஒரு சபையில் உபதேசியார். சேர்ந்த முதல் வாரமே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ப்ராஜெக்ட்டும் சேர்ந்தே எடுத்துக்கொண்டார்கள்.

காங்கேயத்தில் களத்தில் காயப்போடும் தேங்காய்ப் பருப்பு எப்போது மில்லுக்குப் போகிற பதத்துக்கு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் ஒரு மாடல். அதற்குத் தினமும் களத்தில் நின்று மீட்டர் வைத்து ஈரம் பார்க்க வேண்டும், வெயில், காற்று, மழை எல்லாவற்றோடும் அதைக் கோக்க வேண்டும். கெசியா காங்கேயத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு திங்கள் முதல் சனி வரை எடுத்தாள். ஞாயிறு மட்டும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் அடுப்பையே பெயருக்குத்தான் பற்றவைப்பார்கள். கெசியாவின் லேப்டாப்புக்கும் அன்றைக்கு லீவு என்று வகுப்பே கிண்டல் பண்ணும். அதனால் ஞாயிறு அக்ஷிதாவின் பங்கு. கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு டிபார்ட்மெண்டில் ஒரு குழுவுக்கு ஒரு லாகின்தான் கொடுத்தார்கள். அது கெசியாவின் பேரில் இருந்தது, இரண்டு பேரும் அதில்தான் ஏற்றினார்கள்.

நேற்று கைடு கலீல் ரஹ்மான் சார் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தத் தெரியாத மனுசர்.

"போன மாசம், இதோ இந்த ஞாயித்துக்கிழமை, காங்கேயத்துல நல்ல மழை. உங்க டேட்டாவுல பருப்பு மட்டும் சனிக்கிழமைய விட நல்லாக் காஞ்சிருக்கு. அதெப்படிம்மா?"

கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கெசியா, உன் லாகின். திங்கக்கிழமை கமிட்டி. டேட்டாவ உக்காந்த இடத்துல எழுதினதுன்னு வந்துட்டா ப்ராஜெக்ட் போச்சு. உனக்கு வேலை குடுத்த கம்பெனிக்கும் நான் உள்ளதத்தான் எழுதோணும்."

கெசியா ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஞாயித்துக்கிழமை நான் பேனாவே தொடமாட்டேன் சார், வகுப்புல யாரை வேணும்னாலும் கேளுங்க என்று. அவள் சொல்லவில்லை. "அத்தனையும் களத்துல எடுத்ததுதான் சார். மீட்டர்ல ஏதாவது இருக்கும், நாங்க பாத்துச் சொல்றோம்" என்றாள். நாங்க என்றாள். பக்கத்தில் நின்ற அக்ஷிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் பார்க்க ஒன்றுமில்லை.

வண்டி சூலூரைத் தாண்டியது. கெசியா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

"தக்காளி சாதம். ஹாஸ்டல்ல கட்டுனது. தின்னு."

"பசியில்ல."

"காலையில இருந்து மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா எப்படிப் பசிக்கும்? ஏண்டி, மாட்டுனா நாந்தானே மாட்டுவேன். உன் பேரே அதுல இல்லயே."

"அதான்."

"என்ன அதான்?"

"ஒண்ணுமில்ல."

கெசியா பாதிச் சோற்றை டப்பா மூடியில் கொட்டி அவள் மடியில் வைத்தாள்.

"எனக்குப் பயமே இல்ல, தெரியுமா? அந்தச் செவ்வாய்க்கிழமை நான் களத்துக்குப் போனப்போ தரை காஞ்சு கெடந்துச்சு. மழை பெஞ்ச அடையாளமே இல்ல. திங்கக்கிழமை ஆளுக யாரும் வரல, அவங்க ஊருல கோயில் நோம்பி. எனக்கும் அன்னைக்குத்தான் இன்டர்வியூ. நாம திங்கக்கிழமைய வெறுமனே விட்டுட்டோம், பாத்தியா? எடுக்கலைன்னா எடுக்கலைன்னு போட்டோம். அப்படிப் போடறவங்க ஞாயித்துக்கிழமைய மட்டும் புளுகுவமா? அதைத்தான் நான் கமிட்டியில சொல்லப் போறேன்."

அக்ஷிதா சோற்றைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினாள்.

முதல் இரண்டு ஞாயிறு அவள் போனாள். கார் அனுப்பினார் அப்பா. வெயிலில் நின்றாள், கை கறுத்தது, அம்மா திட்டினாள். மூன்றாவது ஞாயிறு பெரியப்பா மகன் யஷ்வந்துக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்குச் சாயங்காலம் பட்டுப்புடவையோடு கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். விட்டுப்போன இடத்தைப் பக்கத்து எண்களை வைத்து நிரப்புவதற்கு வகுப்பில் முறையே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிரப்பினால் நிரப்பினது என்று குறித்துவிட வேண்டும், அவ்வளவுதான். குறித்துக்கொள்ளலாம், நாளைக்கு என்று நினைத்தாள். நாளைக்கு வந்தது, குறிக்கவில்லை. நாலாவது ஞாயிறு வீட்டில் எந்த விசேஷமும் இல்லை. தூங்கினாள், எழுந்தாள், நிரப்பினாள்.

அதோடு விட்டிருந்தால்கூடச் சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு தேறியிருப்பாள். வெறும் சராசரியைப் போட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று எண்களைக் கொஞ்சம் மேலும் கீழுமாக ஆட்டிவிட்டாள். நிஜக் களத்தில் எடுத்த மாதிரி. அதற்கு நாலு வரி ப்ரோக்ராம் எழுதினாள், அது நன்றாக வேலை செய்தபோது சந்தோஷம்கூடப் பட்டாள். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்தச் சந்தோஷத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"எங்கம்மா என்ன பண்ணும் தெரியுமா?" கெசியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஜெபத்துல உன் பேரச் சொல்லும். நம்ம புள்ளைக்காக வெயில்ல நிக்கற புள்ளைன்னு. அப்பா கூட ஒருநாள் கேட்டாரு, அக்ஷிதான்னா என்ன அர்த்தம்னு. எனக்கு எங்க தெரியும். நல்ல அர்த்தம்தாம்ப்பான்னு சொல்லிட்டேன்."

"கெசியா."

"ம்?"

பல்லடம் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியது. வெள்ளரிக்காய்க்காரி ஜன்னலில் கையை நீட்டினாள். கெசியா பேரம் பேசத் தொடங்கிவிட்டாள். அக்ஷிதாவின் வாயில் இருந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போனது. வண்டி மறுபடி கிளம்பிய பின் கெசியா, "என்னமோ சொல்ல வந்தியே" என்று கேட்டாள். "உப்பு அதிகமா இருக்குமோன்னு" என்றாள் அக்ஷிதா.

களத்தில் பருப்பு வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. காய்கிற தேங்காயின் இனிப்பு வாசனை மூக்கில் ஏறியது. ஆட்கள் மதியச் சோற்றுக்குக் கொட்டகை நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களைக் கேட்டுப் பயனில்லை. ஞாயிறு அவர்களுக்கு லீவு, அந்தத் திங்களும் நோம்பிக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தைப் பார்த்துக்கொள்வது அடுத்த தோட்டத்தில் குடியிருக்கும் கருப்பாத்தாள். கெசியா அவளைத் தூரத்தில் மாடு பிடித்துப் போகையில் பார்த்ததோடு சரி.

கருப்பாத்தாள் வேப்பமரத்தடியில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாங்க களத்துல மீட்டர் வெச்சுப் பாக்கற காலேஜ் புள்ளைங்க."

"தெரியுமே கண்ணு. இந்த அம்மணிய முன்ன ஒரு ஞாயித்துக்கிழமை பாத்தாப்பல இருக்குது. பருப்புக்குக் காய்ச்சல் பாக்கறவங்கன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. வாங்க, நெழல்ல நில்லுங்க. தண்ணி குடிக்கறீங்ளா?"

"வேண்டாங்க்கா. ஒரு விசயம் கேக்கோணும். போன மாசம், களத்து ஆளுக ஊர்ல நோம்பி வந்துச்சுல்லங்க, அதுக்கு முந்தின நாள். அந்த ஞாயித்துக்கிழமை இங்க மழை பெஞ்சுதுங்ளா?"

கருப்பாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எதுக்குங் கண்ணு கேக்கறீங்க?"

"எங்க சாரு கேக்கறாருங்க்கா. இதுல எங்க படிப்பே இருக்குது."

"அப்படியா." அவள் இரண்டு முகங்களையும் பார்த்தாள். கெசியாவின் முகத்தில் ஆவல். இன்னொன்றில் என்ன கண்டாளோ, குரலைத் தணித்துக்கொண்டாள். "பெஞ்சுதுன்னு சொன்னா நல்லதுங்ளா, பெய்யலைன்னு சொன்னா நல்லதுங்ளா? சொல்லிப்போடுங்க, அந்தச் சாரு வந்து கேட்டாருன்னா அப்படியே சொல்லிப்போடறேன்."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ அக்கா, நடந்ததச் சொல்லுங்க போதும்."

"நடந்ததுன்னா பெஞ்சுதுங்க. பெஞ்சுதா, கொட்டுச்சு. பொழுது சாயறதுக்கு முன்ன கெழக்க இருந்து காத்து, பொறவு மழை. தார்ப்பாய இழுத்தா அது என்னையும் சேத்து இழுக்குது. பாதி மூடறதுக்குள்ள மீதி நனஞ்சு போச்சு. எங்கூட்டுக்காரரு சந்தைக்குப் போயிட்டாரு. ஒத்தைப் பொம்பளையா என்னத்தங்க பண்றது? மறுநாளு பூராவும் நனஞ்சத அள்ளி அள்ளிக் காயப்போட்டேன்."

"ஒத்தையாவா?" என்றாள் கெசியா.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அக்ஷிதா ஒரு அடி பின்னால் போனாள். கருப்பாத்தாளுக்குத் தான் எதையோ மிதித்துவிட்டது புரிந்தது. என்ன என்று புரியவில்லை. ஆனாலும் காலைத் தூக்கப் பார்த்தாள்.

"இந்த அம்மணி வந்திருந்தாங்களோ என்னமோ, நாந்தான் கவனிக்கலீங். மழையில யாரு மூஞ்சி தெரியுது? வந்திருப்பாங்க. வந்து நனஞ்சுட்டுப் போயிருப்பாங்க, பாவம்."

கெசியா திரும்பினாள். அவள் முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. கணக்குப் போடும்போது வருகிற சுளிப்புதான் இருந்தது.

"நீ மத்தியானமே வந்து எடுத்துட்டுப் போயிட்டியா? மழைக்கு முன்ன?"

அக்ஷிதா வேப்பங்கொட்டை ஒன்றைக் காலால் உருட்டினாள்.

"அப்படித்தான் இருக்கும். மத்தியானம் எடுத்திருந்தா காஞ்சுதானே இருக்கும். நீ ஏன் இதை நேத்தே சார்கிட்டச் சொல்லல? சரி விடு, நான் இப்பவே ஃபோன் போட்டுச் சொல்றேன். மழை சாயங்காலந்தான் சார், அக்ஷிதா மத்தியானம் எடுத்தான்னு. ஆமான்னு மட்டும் சொல்லு."

ஃபோனை எடுத்துவிட்டாள். சாரின் பேரைத் தேடினாள்.

ஆமாம் என்பது எத்தனை சின்னச் சொல். சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும், கெசியாவின் வேலை, ப்ராஜெக்ட், திங்கட்கிழமை. கதவைத் திறந்துவிட்டதே கெசியாதான். ஆனால் பொய்யென்று தெரியாமல் கெசியா அதைத் தன் வாயால் சாரிடம் சொல்லப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு எண்கூடத் தொடாதவள்.

"ஃபோன் போடாத."

"ஏன்?"

"நான் வரல."

"மத்தியானமா?"

"அன்னைக்கே வரல. அன்னைக்கு நான் ஊட்டுல இருந்தேன்."

கருப்பாத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு, "எருமைக்குப் பில்லு போடோணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

"அன்னைக்கு மட்டுமா?"

"மொதல்ல ரெண்டு வாரம் வந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் வரல, கெசியா."

"ஒரு தடவைகூடவா?"

அக்ஷிதா தலையை ஆட்டினாள்.

"அப்ப அந்த எண்ணெல்லாம்?"

"வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வெச்சு நெரப்புனேன். மழை பெஞ்ச அந்த வாரம் சனிக்கிழமைய விடக் கொஞ்சம் கொறச்சுப் போட்டேன். வெயில் காலந்தானே, காஞ்சிருக்கும்னு."

"நெரப்புனா ஒரே சீரால்ல வரும். உன்னது அப்படி இல்லயே." கெசியாவின் குரல் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலாகவே இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் விடை அவளுக்கே தெரிந்துவிட்டது. "ஆட்டி விட்டியா? மேல கீழ?"

"ம்."

"தெரியாம இருக்கறதுக்கு."

"ம்."

கெசியா களத்தைப் பார்த்தாள். பருப்பின் மேல் வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"அந்த க்ராஃபப் பாத்துட்டு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? உன் ஞாயித்துக்கிழமைதாண்டி எடுப்பா இருக்கு, என்னோட ஆறு நாளும் சொதப்பல், நான் சரியா மீட்டர் புடிக்கறதில்லையோன்னு. அப்பறம் நான் தெனமும் ரெண்டு ரெண்டு தடவை எடுத்தேன். இதே வெயில்ல. உன்ற மாதிரி வரோணும்னு."

அக்ஷிதாவுக்கு அது தெரியாது. தெரியாத அந்த ஒன்று, தெரிந்த எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

"நேத்து சாரு ரூம்ல வெச்சுச் சொல்லியிருக்கலாமில்ல?"

"வாய் வரல."

"பஸ்ஸுல?"

"வந்துச்சு. வெள்ளரிக்கா வந்துருச்சு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான பதில் என்று உறைத்தது. வேறொரு நாளாக இருந்தால் கெசியா இதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

"நான் அவருகிட்ட எடுத்ததுன்னு சொன்னேன், அக்ஷிதா. அத்தனையும் களத்துல எடுத்ததுன்னு. எங்கப்பா கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"நானே சார்கிட்டப் பேசறேன்."

"பேசு."

கெசியா நம்பரை அழுத்தி ஃபோனை அவள் கையில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. கலீல் ரஹ்மான் சார் எடுத்தார். அக்ஷிதா சொன்னாள், இப்போது கெசியாவிடம் சொன்ன வரிசையிலேயே, நிச்சயதார்த்தத்தை இங்கேயும் விட்டுவிட்டு. அதைச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்.

"கெசியா பக்கத்துல இருக்காளா? ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள்.

"நெரப்புறது தப்பில்லம்மா. நானே சொல்லிக் குடுத்ததுதான். நெரப்புனதுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நான் மார்க்குக்கூடப் போட்டிருப்பேன். நீ அதை மறைக்கறதுக்கு மெனக்கெட்டிருக்கே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"எம் பேரச் சொல்லுங்க சார். கமிட்டியில."

"சொல்லத்தான் போறேன். ஆனா ப்ராஜெக்ட் ரெண்டு பேரோடது. ஞாயிறு மொத்தத்தையும் எடுத்துட்டா மாடல் நிக்காது. பருப்பு சீசன் இன்னும் இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சு எடுங்க. ரெவ்யூ தள்ளிப்போகும்."

"கெசியாவோட வேலை சார்?"

"கம்பெனிக்காரங்க காத்திருப்பாங்களான்னு கேட்டுப் பாக்கறேன். உறுதியாச் சொல்ல முடியாது. கெசியா, கேக்குதாம்மா?"

"கேக்குதுங் சார்."

"நேத்து நீ ஒண்ணு சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல?"

"அவ போயிருந்தான்னு நெனச்சேன் சார்" என்றாள் கெசியா.

ஃபோனை வைத்த பிறகு இரண்டு பேரும் ரோட்டுக்கு நடந்தார்கள். கருப்பாத்தாள் பின்னாலேயே ஓட்டமாக வந்து ஆளுக்கு ஒரு இளநீரைக் கையில் திணித்தாள். "சாரு ரொம்ப வஞ்சாருங்ளா? நாளைக்கும் நாந்தான் களத்துல இருப்பேன், எது வேணும்னாலும் வாங்க கண்ணு" என்று பொதுவாகச் சொன்னாள். கெசியா, "போயிட்டு வாரனுங்க்கா" என்றாள். அக்ஷிதாவால் அந்தக்காவின் கையை மட்டும்தான் பார்க்க முடிந்தது, ஒற்றையாகத் தார்ப்பாய் இழுத்த கை. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று சொல்வது?

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பக்கமும் வண்டி வரும். தாராபுரத்துக்கு ஒரு பக்கம், கோயம்புத்தூருக்கு எதிர்ப்பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கெசியா எப்போதும் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள், ஞாயிறு கோயிலுக்கு. அக்ஷிதா எதிர்ப்பக்கம் போகவில்லை. அவளோடேயே நின்றாள். கெசியா இளநீரைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மீட்டர் இருந்த பை அவள் தோளில் தொங்கியது. வாரா வாரம் சனிக்கிழமை அதை அக்ஷிதா வீட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்புவாள். பேட்டரி போட்டுவெச்சிருக்கேன், தொப்பி போட்டுக்கோ, மத்தியானத்துல நிக்காத என்று ஃபோனில் சொல்லுவாள். அக்ஷிதா அதை வாங்கிப் பீளமேட்டில் மேசை மேல் வைப்பாள், திங்கட்கிழமை காலையில் அதே டிரைவரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்புவாள்.

தூரத்தில் தாராபுரம் வண்டி தெரிந்தது. கெசியா இளநீரைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கெசியா. மீட்டர எங்கிட்டக் குடுத்துட்டுப் போறியா?"